மலைக்குப் போகாதவள்

மசுனோரி அண்ணன் வேட்டைக்குக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். பேன்ட்டை ரப்பர் பூட்ஸுக்குள் செருகி, அதன் வாயைச் சுற்றி டேப் ஒட்டுவார். மணிக்கட்டிலும் அப்படியே. கழுத்தில் துண்டு, உடம்பெல்லாம் பூச்சி மருந்து, இடுப்பில் தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவத்தி. பன்றி அவரைப் பார்த்துச் சாகாது, நாற்றத்தில்தான் சாகும் என்று கூட வேட்டைக்குப் போகும் நாங்கள் ஐந்து பேரும் கேலி செய்வோம். மனிதர் அசைய மாட்டார். பக்கத்து ஊர் வேட்டைக்காரன் ஒருவன் உண்ணி கடித்த காய்ச்சலில் எட்டே நாளில் செத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

சுட்ட பன்றியைக்கூட ஓடையில் கல் வைத்து அமுக்கிப் போட்ட பிறகுதான் தொட விடுவார். உடம்பு ஆறினால் உண்ணியெல்லாம் ஆளைத் தேடி இறங்கிவிடும் என்பார். வீடு திரும்பியதும் முற்றத்திலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு நேராகக் குளியலறைக்குள் போய்விடுவார்.

நாய்கள், அவருடைய கோமாவும் என் ஹாயாதேயும், சுமியே அண்ணியிடம் போகும்.

அண்ணி அவர் மனைவி. வாசல்படியில் உட்கார்ந்து நாயை மடியில் சாய்த்துக்கொண்டு, காதுமடல், அக்குள், விரலிடுக்கு என்று துழாவி உண்ணிகளைப் பிடுங்குவாள். பிடுங்கியதைக் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்குவாள். நகம் சிவந்திருக்கும். கையுறை போட்டால் விரலுக்குத் தட்டுப்படாதாம். முப்பது வருடமாக அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் நாங்கள். அண்ணனுக்கும் சரி எனக்கும் சரி, அது பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஜூன் மாதக் கடைசியில், வயலை நாசம் பண்ணும் பன்றிகளைச் சுட ஊராட்சி எங்களுக்கு அனுமதி கொடுத்தது. முதல் வேட்டை முடிந்த நாலாம் நாள் என் நாய் ஹாயாதே சோறு தின்னவில்லை. மூக்கு கொதித்தது, மஞ்சளாக வாந்தி எடுத்தது. என் பெண்டாட்டி கிட்டேயே வர மாட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணியிடம் விட்டேன். வெயில் தாக்கியிருக்கும் என்றேன். அண்ணன் அப்போது ஒரு வார மரவெட்டு வேலைக்கு வெளியூர் போயிருந்தார். நாலு நாள் அண்ணி கஞ்சியை விரலால் ஊட்டினாள், வாந்தியைத் துடைத்தாள், அப்படியே உண்ணியும் எடுத்தாள். ஹாயாதே பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் அண்ணி படுத்துவிட்டாள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி. ஊர் திரும்பியிருந்த அண்ணனையும் அவளையும் ஏற்றி நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். டவுன் கிளினிக் டாக்டர் வயசானவர், நிதானமானவர். கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டார்.

"இந்த மாசத்துல மலைக்குப் போனாங்களா? புதர் பக்கம், காட்டுப் பக்கம்?"

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் மலையில் இருப்பவள் பெண் தெய்வம், பொறாமைக்காரி. இன்னொரு பெண் காலடி வைத்தால் வேட்டைக்குப் போனவனை உயிரோடு விட மாட்டாள்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க மலை ஏற மாட்டாங்க டாக்டர். இவ ஒரு நாளும் ஏறினதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பொய்யில்லையே! கோடைக்கு வரும் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணி நடுவில் சுருண்டு படுத்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்கு ஈறிலிருந்து ரத்தம் வடிந்தது. மியாசாகி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்ததும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலருகே குனிந்து அண்ணியிடமே, வீட்டில் தினமும் என்னென்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டாள்.

"நாய்க்கு உண்ணி எடுப்பேன்."

"எதால எடுப்பீங்கம்மா?"

அண்ணி கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் காட்டினாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அண்ணன் கத்தியதற்கு, "நீங்க மலையப் பத்தித்தானே பேசிக்கிட்டீங்க" என்றாள்.

டாக்டர் விடவில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்த நாயிடமிருந்தும் ஆளுக்குத் தொற்றுமாம்; யார் வீட்டு நாய், அதற்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டாள். அண்ணி கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு நாய்தான். கோமா."

என்னைக் காப்பாற்றினாளா, காய்ச்சலில் மறந்துபோனாளா என்று இன்றுவரை தெரியாது. நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அண்ணனிடம் துப்பாக்கி இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அதெல்லாம் சும்மா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் நிஜம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அண்ணி செத்துப்போனாள். எரித்த பிறகு எலும்பு பொறுக்கும்போது, அண்ணன் நீள் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

சுகாதாரத் துறை ஆட்கள் வந்து கோமாவிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை அண்ணன் பொறுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கோமாவைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். வேட்டைக்குத்தான் என்று நினைத்து அது முன்னால் துள்ளிக்கொண்டு ஓடியதை என் வீட்டிலிருந்து பார்த்தேன். ஒரே ஒரு சத்தம் கேட்டது.

ஒன்பது நாள் கழித்து ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கோமாவுக்கு அந்த உண்ணிக் காய்ச்சல் இல்லை, முன்பு ஒருபோதும் வந்ததும் இல்லை என்று எழுதியிருந்தது. எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். ஹாயாதே எழுந்து போய் அவர் காலடியில் வாலை ஆட்டியது.

"அப்ப எங்கிருந்துடா வந்துச்சு?" என்றார். "நீ தினம் வந்துபோறவனாச்சே. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலண்ணே."

அவர் குனிந்து ஹாயாதேயின் தலையைத் தடவினார்.

"இவனையாவது பத்திரமாப் பாத்துக்கோடா" என்றார்.

சரி என்றேன்.