செல்லி எழுதிய ஏழு வேலைகள்

டிரங்குப் பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் முனிலட்சுமி. வாசலில் தங்கை செல்லியைக் குளிப்பாட்டப் பெஞ்சில் கிடத்தியாகிவிட்டது. உடுத்திவிட நல்லதாக ஒரு சேலை வேண்டும். மற்ற நாளெல்லாம் மூடியைத் திறந்ததுமே மடியில் வந்து விழுகிற துணி, வேண்டுமென்ற அன்றைக்குப் பார்த்துத்தான் ஒளிந்துகொள்ளும்.

ஒருவழியாகக் கிளிப்பச்சைச் சேலை கையில் அகப்பட்டது. திங்கட்கிழமை தொடங்கும் ஷட்டவுன் லீவுக்கென்று செல்லி எடுத்து வைத்திருந்தது. கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் பத்து நாள் மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு லீவு கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளுக்காக மீதி வருஷத்தை ஓட்டுகிறவள் அவள். இன்றைக்குச் சனிக்கிழமை. இரண்டே நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று முனிலட்சுமிக்குத் தங்கைமேல் கோபமே வந்தது.

சேலையை உதறினாள். மடிப்பிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது.

பார்த்ததும் தெரிந்தது, கம்பெனி செக் ஷீட். ஓசூர் சிப்காட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் செல்லி செக்கிங் பிரிவில் இருந்தாள். ஷீட்டில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் வேலை, இரண்டாவதில் அதற்கு வேண்டியது, மூன்றாவதில் முடிந்ததும் ஒரு டிக். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ரசத்துக்கும் டிக் போடுவியா என்று முனிலட்சுமியின் கணவன் ஆஞ்சப்பன் கேலி செய்வான். ரசம் ரிஜெக்ட் மாமா என்பாள் அவள்.

பின்பக்கத்தில் அவளே கோடு போட்டு, மேலே 'என் ஷட்டவுன்' என்று எழுதியிருந்தாள், கன்னடத்தில். அக்கா தங்கை இரண்டு பேரும் கன்னடப் பள்ளிக்கூடம்தான். செல்லி பத்தாவது முடித்தாள். அம்மா செத்த வருஷம் மூன்றாம் வகுப்போடு நின்று, கைக்குழந்தையாக இருந்த தங்கையை இடுப்பில் தூக்கியவள் முனிலட்சுமி. அதனால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கூட்ட முடிந்தது.

முதல் வேலை: வெயில் ஏறும்வரை தூங்குவது, யாரும் எழுப்பாமல். வேண்டியது: பாய்.

முனிலட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழாயில் தண்ணீர் பிடிக்க தினமும் ஐந்து மணிக்குத் தங்கையை உலுக்கி எழுப்புவது அவள்தான். இன்றைக்கு எழுப்பவில்லை. கதவோரம் வரை போனவள், அவள் தூங்குகிற அழகைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். எட்டு மணிக்கு முகத்தில் வெயில் விழுந்தும் செல்லி புரண்டு படுக்கவில்லை. இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பெங்களூர் டாக்டர் பல வருஷம் முன்பே சொல்லியிருந்தார்.

வாசலில் அண்டாவில் சொம்பு மோதும் சத்தம் கேட்டது.

"சுட வெச்சு ஊத்துங்க. அவளுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது" என்று உள்ளிருந்தே சொன்னாள் முனிலட்சுமி. இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். வாசலில் இருந்த பெண்கள் அண்டாவில் இருந்ததையே மொண்டார்கள். பிறகு சளசளவென்று தண்ணீர் விழுந்தது.

அவள் விரல் இரண்டாவது வரியில் இருந்தது. தலைக்கு ஊற்றிக்கொள்வது. வேண்டியது: பச்சைத் தண்ணீர்.

அதற்குமேல் படிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பயம் வந்த பிறகு கண் எங்கே சும்மா இருக்கிறது? தலை நிறைய வைத்துக்கொள்வது, ரோஜா. கம்பெனி ஆட்களை வீட்டுக்கு வரவழைப்பது, பஸ். முகத்தில் காற்றடிக்கப் போவது, மூடாத வண்டி. நனைவது, மழை. ஏழாவது வேலை ஒரே வார்த்தை, கெரெ. ஏரி. அதற்கு நேராக, காகிதம் மடிந்த இடத்தில், வேண்டியது என்ற கட்டத்தில் இன்னொரு வார்த்தை.

அக்க. அக்கா.

செல்லியைப் புதைக்கக் குழி வெட்ட ஆள் போயிருந்தது. அந்தத் தெருக்காரர்களுக்குச் சுடுகாடு இடுகாடு எல்லாம் ஏரிக்கரைதான். முனிலட்சுமி காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நாலு வயது மகள் ராசாத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அன்று முழுவதும் குழந்தையைக் கீழே விடவே இல்லை.

மத்தியானம் சூளகிரியிலிருந்து தாய்மாமன் கங்கப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, பைக்குள் ஒரு சிவப்புக் கோழி. சனிக்கிழமை போகிறவர்கள் துணைக்கு இன்னொருவரைத் தேடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அந்த இன்னொருவருக்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் சொல்லாமல் அவரே கோழியின் காலில் கயிறு கட்டிப் பாடை மூங்கிலோடு சேர்த்து முடிந்தார். இரண்டு முடிச்சு, அதன்மேல் ஒரு முடிச்சு. முனிலட்சுமி ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள்.

இரண்டரை மணிக்குக் கம்பெனி பஸ் தெருவுக்குள் திரும்ப முடியாமல் திரும்பி, வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. முதல் ஷிப்ட் முடிந்து நீல கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்பது பெண்கள் இறங்கினார்கள். செல்லியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்த சாந்தம்மா ஒரு கூடை ரோஜா கொண்டுவந்திருந்தாள். தோட்டத்திலிருந்து அன்று பறித்தது. தலைமாட்டில் வைத்து, கூந்தலில் வைத்து, அதற்குமேல் வைக்க இடமில்லாமல் தோளிலும் மார்பிலும் வைத்தார்கள். செல்லியின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். முனிலட்சுமிக்கு அந்தத் திருப்தியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆஞ்சப்பன் வண்டிக்கு அலைந்துவிட்டு வந்தான். தார்ப்பாய் போட்ட வண்டி பர்கூருக்குக் கல் ஏற்றப் போய்விட்டதாம். கிடைத்தது மேல் மூடாத டெம்போதான் என்றான். முனிலட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள்.

வாய்க்கரிசி போட நேரம் வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி பெண்கள் வாசலிலேயே போட்டுவிட வேண்டும்.

"முனி, நீதாம்மா மொதல்ல போடணும். தாயி மாதிரி வளத்தவ" என்றார் கங்கப்பன்.

அவள் தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தாள். நிலைப்படி வரை வந்தாள். அங்கிருந்து பாடை நாலு எட்டுதான். செல்லியின் உதடு லேசாகத் திறந்திருந்தது. எதையோ சொல்லப் போகிறாள் போலிருந்தது. பக்கத்தில் போனால் சொல்லிவிடுவாள் என்று முனிலட்சுமிக்குத் தோன்றியது. என்ன சொல்லுவாள் என்பதும் தெரிந்திருந்தது.

"புள்ளை அழுவுது மாமா. நீங்க போட்டுடுங்க."

தோளில் ராசாத்தி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அது தெரிந்தது. கங்கப்பன் தானே ஒரு பிடி எடுத்துப் போட்டார். முனிலட்சுமி உள்ளே திரும்பிச் சுவரோரம் நின்றாள். கையிலிருந்த அரிசியைத் தட்டில் திரும்பக் கொட்டத் தோன்றாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டெம்போ கிளம்பியபோது நல்ல வெயில். தெருமுனை திரும்புவதற்குள் காற்று எழுந்து புழுதியைச் சுழற்றியது. அடுத்த நிமிஷம் கோடைமழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஜன்னல் வழியாக முனிலட்சுமி பார்த்தாள். திறந்த வண்டியில், ரோஜாக்களுக்கு நடுவே, செல்லி நனைந்துகொண்டே போனாள். ஆறு வேலை முடிந்துவிட்டது.

வாசலைக் கழுவிவிட இருந்த பெண்கள் மழைக்காக உள்ளே ஒதுங்கினார்கள். அப்போதுதான் அது வந்தது. திறந்திருந்த கதவு வழியாக, காலில் அறுந்த கயிறு இழுபட, சொட்டச் சொட்ட நனைந்த சிவப்புக் கோழி. இத்தனை பேர் இருந்தும் வேறு யார் பக்கமும் போகாமல் நேராக வந்து முனிலட்சுமியின் காலடியில் நின்றது. ஒருத்தி சூ என்று விரட்டினாள். அது நகரவில்லை.

முனிலட்சுமி ராசாத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ரவிக்கைக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்து, பெண்களோடு உள்ளே வந்திருந்த சாந்தம்மாவிடம் நீட்டினாள். அத்திபெலெக்காரி அவள், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கடைசி வரியைப் படி. என்னைத்தான் கூப்பிட்டுக்கினு போறா."

சாந்தம்மா ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தை விரித்துப் பிடித்தாள். மடிப்பை விரலால் நீவிவிட்டுப் பார்த்தாள்.

"இது அக்க இல்லக்கா. அக்கி. மேல இருக்குற சுழி மடிப்புல தேஞ்சு போச்சு."

"அக்கியா?"

"அரிசிக்கா. ரெண்டாவது கட்டம் சாமான் எழுதுறதுக்கு. ஆளுங்க பேரை அதுல எழுத மாட்டோம்" என்றாள் சாந்தம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள். "சின்னதுல நீங்க கெரையில அரிசி களையப் போவீங்களாமே, அவளையும் இடுப்புல தூக்கிக்கினு. மீனு வந்து உள்ளங்கையைக் கடிக்குமாம். கான்டீன்ல அதையே சொல்லிச் சிரிப்பா. எங்க அக்காவுக்கு மறந்தே போயிருக்கும், இந்த லீவுக்கு அரிசி எடுத்துக்கினு போவேன்னா."

மறந்துதான் போயிருந்தது. இப்போது மொத்தமும் ஞாபகம் வந்தது. குளிர்ந்த தண்ணீர், அரிசிக் கூடை, தொடையில் ஏறி உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்த இரண்டு வயதுக் குழந்தை. முனிலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. ஆறு வேலையும் தானாக நடந்தது. ஏழாவதுக்கு அவளிடம் ஒரு பிடி அரிசிதான் கேட்டாள் தங்கை. அதைக் கொடுக்காமல் பொய் சொல்லி அனுப்பிவிட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். வெளியே மழை விட்டிருந்தது. ஆண்கள் ஏரியிலிருந்து திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் பால் ஊற்றப் போனார்கள். சடங்கு முடிந்ததும் ஆஞ்சப்பனிடம் குழந்தையைக் கொடுத்து, நீங்கள் முன்னால் போங்கள், வருகிறேன் என்றாள். அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கரையை ஒட்டிய கல்படியில் அவள் உட்கார்ந்தாள். மடியில் ஒரு படி அரிசி துணிப்பையில் இருந்தது. முதலில் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பழைய பிடியை எதிரே தண்ணீரில் போட்டாள். அரிசி வெள்ளை வெள்ளையாக இறங்கி மறைந்தது. ஒரு மீன்கூட வரவில்லை. பையிலிருந்து இன்னொரு பிடி எடுத்துப் போட்டாள். அதுவும் அப்படியே இறங்கியது.

அவளுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் தள்ளி, படியோரத் தண்ணீர் லேசாகக் கலங்கியது. அந்தப் பக்கம் அவள் ஒரு மணிகூடப் போடவில்லை. ஒரு மீன் வந்தது, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாக முண்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடி, எல்லாம் அந்தக் காலிப் படியைப் பார்த்தே நின்றன.

முனிலட்சுமி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த அரிசிப் பையை எடுத்து, வாயை நன்றாக விரித்து, அந்தப் பக்கம் தங்கை கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.