பதினொன்றும் உள்ளே ஒன்றும்

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் மகளின் கேமிங் லேப்டாப்பைக் குப்புறப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஸ்க்ரூக்களைப் போட ஒரு கிண்ணம். விரல் நீளத்தில் ஒரு புது எஸ்எஸ்டி, லேப்டாப்புக்குக் கூடுதல் இடம் தரும் தகடு, இன்னும் உறை பிரிக்காமல். என் பையிலிருந்து எடுத்த சின்ன ஸ்க்ரூடிரைவர் அவருடைய இடது கையில் இருந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகூட இன்னும் கழுவவில்லை.

"இப்பவே சொல்லிடறேன். நீ கிட்ட வரக்கூடாது."

"நான் எங்கங்க வந்தேன்? நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிட்டு இருக்கேன்."

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் டெப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கப் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு இடது கை வரவில்லை. லேசான பக்கவாதம்தான், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சும் காலும் பத்து நாளில் திரும்பிவிட்டன. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மாட்டேன் என்றன. மூன்று வாரம் முன்பு டெப்போ டாக்டர் ஒரு ட்ரேயை முன்னால் வைத்தார். ஆறு போல்ட்டு. இடது கையால் நட்டைக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும், ஐந்து நிமிஷத்துக்குள். இவர் இரண்டைக் கழற்றினார். வரும் செவ்வாய்க்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் மீதிக் காலத்துக்கு டெப்போ கேட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ் நம்பரை எழுத வேண்டியதுதான். "இத்தனை வருஷம் உள்ள இருந்துட்டு, வெளிய உக்காந்து அது போறதைப் பார்க்கணுமாம்" என்றார் அன்றைக்கு.

பிசியோதெரபிப் பெண் கொடுத்த ரப்பர் பந்து நாலாம் நாளே சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அமுக்கி அமுக்கி என்ன கண்டேன் என்று அலுத்துக்கொண்டார். கையைக் காப்பாற்றியது மகள்தான். வேலை கிடைத்து வெளியூர் போகும்போது புது லேப்டாப் வாங்கிக்கொண்டு இந்தப் பழையதை வீட்டில் விட்டுப்போனாள். போகிற போக்கில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தாள். அதில் போக, நிற்க, இடது, வலது என்று நாலு பொத்தானும் இடது கை விரல்களுக்கு அடியில். பந்தைப் பத்து நிமிஷம் பிடிக்காத மனுஷன் ரெண்டு மணி நேரம் பஸ் ஓட்டினார். முன்னால் வருகிற லாரிக்காரனைத் திட்டக்கூடச் செய்தார். இருந்த ரூட்டெல்லாம் ஓட்டித் தீர்த்து, புது ரூட் இறக்கப் பார்த்தால் இடமில்லை என்றது லேப்டாப். உள்ளே பூராவும் மகளின் படங்களும் வீடியோக்களும். "ஒண்ணையும் அழிச்சிடாதீங்கப்பா. உள்ள ஒரு காலி இடம் இருக்கு. இன்னொரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுட்டா போதும். கடையில குடுத்தா பத்து நிமிஷ வேலை" என்றாள் போனில்.

இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை ஸ்க்ரூ?"

"அடியில பதினொண்ணு. உள்ள ஒண்ணு. ஏம்ப்பா?"

இவர் சிரித்தார். கடைக்குக் கொடுக்காமல் இடது கையாலேயே கழற்றப்போகிறார் என்று அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஃப்ரேமுக்குக் கடுகளவு ஸ்க்ரூ மாட்டுவதும் கழற்றுவதும்தான் எனக்குச் சோறு போடுகிறது. லேப்டாப் ஸ்க்ரூ எனக்கெல்லாம் யானை மாதிரி. அதனால் நேற்றுச் சாயங்காலம் இவர் நடக்கப் போயிருந்தபோது பதினொன்றையும் தளர்த்தி, விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் திரும்ப வைத்துவிட்டேன். தப்பு என்று தோன்றவே இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் மனுஷனுக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றுதான் செய்தேன்.

முதல் ஸ்க்ரூ இரண்டே சுற்றில் வந்தது. என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். இரண்டாவதும் வந்தது. உடனே மகளுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். ஆறாவதில் விசில் அடிக்க ஆரம்பித்தார். "எங்க அந்த டாக்டர்? கூப்பிடு அந்த ஆளை, வந்து பார்க்கட்டும்!" மகள் அங்கிருந்து கை தட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, வெங்காயம் இருந்தது பழியைப் போட.

பதினொன்றும் கிண்ணத்துக்கு வந்தன. பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து மூடியை நெம்பி எடுத்தார். மகள் சொல்லச் சொல்ல, பேட்டரி ஒயரின் பிளக்கை மெதுவாகப் பிடுங்கினார். மின்விசிறிக்குப் பக்கத்தில் காலி இடம் தெரிந்தது. அதன் கோடியில் ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. முதலில் அதைக் கழற்றினால்தான் எஸ்எஸ்டியை வைக்க முடியும்.

அது அசையவில்லை. கட்டைவிரல் வழுக்கியது, ஸ்க்ரூடிரைவர் சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தினார், திரும்ப வழுக்கியது. கடிகாரத்தில் பத்து நிமிஷம் போனது. விசில் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"அம்மாவைக் கேளுங்களேன்ப்பா. அம்மான்னா ரெண்டு செகண்ட்ல..."

"அப்புறம் பேசறேன்டா" என்று காலைக் கட் பண்ணினார்.

கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே இருந்ததைப் பார்த்தார். சக்கரத்து நட்டு ஒன்று தளர்ந்தால் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிற ஆள். என் கையில் கத்தி நின்றுவிட்டது.

"நீ தொட்டியா?"

கம்பெனியிலேயே அப்படித்தான் முறுக்கியிருப்பான் என்று சொல்ல வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ஆமா. நேத்து."

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மூடி?" தலையாட்டினேன். "காபித்தூள் டப்பா?" அதற்கும் ஆட்டினேன். அடுத்ததைக் கேட்கப் பயந்தவர் மாதிரி கேட்டார். "சட்டை?"

போன மாதம் ஒரு காலையில் தானாகவே சட்டை போட்டுக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அடுப்படி வாசலில் வந்து நின்றார். நானும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கொண்டாடினேன். ஐந்து சட்டையிலும் பட்டன் ஓட்டைகளை பிளேடால் கீறிப் பெரிதாக்கி, பிசிறு தெரியாமல் ஓரம் தைத்து வைத்தவளும் நான்தான். யூனிஃபார்ம் சட்டை உட்பட. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என் கையில எதுதான் வந்திருக்கு?" என்றார். "எதுவுமே வரலையா?"

நான் குறுக்கே புகுந்து புகுந்து, இப்போது அது இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது.

"செவ்வாக்கிழமை அந்த ட்ரேயில யாரு தளர்த்தி வைப்பா? நீ வருவியா?"

எனக்கும் சுருக்கென்று வந்தது. "ஒரு பட்டனோட அரை மணி நேரம் மல்லுக்கட்டிட்டு, கண்ணைத் துடைக்க சுவர் பக்கம் திரும்பி நிப்பீங்க. அதைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்கணுமா? நான் என்ன கல்லா?"

"சும்மா இருக்கணும்" என்றார். குரல் ஏறவில்லை. "கஷ்டம்தான். தெரியும். ஆனா இருக்கணும்."

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. கழற்றிய மூடியைத் திரும்ப வைத்தார். பதினொரு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக எடுத்து, வலது கையால், நல்ல கையால், இறுக்கினார்.

"தலை மழுங்கிடும்ங்க!"

"எது வரைக்கும் முறுக்கணும்னு எனக்குத் தெரியும்."

கடைசி ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரை இடது கைக்கு மாற்றினார். நான் கத்தியை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் ஸ்க்ரூவுக்குப் பதினாலு நிமிஷம். பிடியின் தலையை உள்ளங்கையால் அழுத்தி, விரல் திரும்பாதபோது தோளோடு சேர்த்துத் திருப்பினார். கட்டைவிரலை, விசில் கொடுக்காமல் தூங்கும் கண்டக்டரைத் திட்டுவது போலத் திட்டினார். "டேய், எழுந்திருடா. ரைட் சொல்றியா இல்லையா?" இரண்டாவதற்கு ஒன்பது நிமிஷம். நாலாவதில் கை இழுத்துக்கொண்டது. வெந்நீரில் முக்கி வைத்திருந்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். ஆறாவதில் ஸ்க்ரூடிரைவர் தெறித்து உருண்டு என் கால் பெருவிரலில் வந்து இடித்து நின்றது. குனிந்தால் கைக்கு எட்டும். நான் குனியவில்லை. அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து வந்து எடுத்துக்கொண்டு போனார். என் கைகள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. அவருக்கு வலித்ததில் பாதியாவது எனக்கும் வலித்திருக்கும், சத்தியமாக.

ஜன்னல் வெயில் சுவரேறிப் போனபோது பதினொன்றும் கிண்ணத்தில் இருந்தன. உள்ளே இருந்த ஒன்றும் வந்தது. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகினார். அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலது கை விரலால் அதை அமுக்கிப் படுக்க வைத்து, இடது கையால் குட்டி ஸ்க்ரூவை மாட்ட வேண்டும். மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் தானே தேடி எடுத்தார். நாலாவது தடவை மரை பிடித்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வலது விரலை மெல்ல எடுத்தார். எஸ்எஸ்டி எழுந்திருக்கவில்லை.

"மூடுறதுக்கு மட்டும் வலது கையோட லீவை கேன்சல் பண்ணிக்கறேன்" என்று பேட்டரி பிளக்கைத் திரும்பச் செருகி, மூடியை மாட்டினார். ஆறு மணி ஆகியிருந்தது. நானும் அப்போதுதான் சிரித்தேன்.

லேப்டாப்பை நிமிர்த்தி ஆன் செய்ததும் புது டிஸ்க் பட்டியலில் வந்து நின்றது. மகளைத் திரும்பக் கூப்பிட்டு, அவள் சொன்ன இடத்திலெல்லாம் அமுக்கி, புது ரூட்டை இறங்க விட்டார். திரையில் ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏற ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார் என்று நினைத்தேன். உள்ளே போய் யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இதைப் பழையபடி பண்ணிடு."

"இப்பவா?"

"இப்பவே. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு."

ஏழு ஓட்டை. நான் பெரிதாக்கிய ஒவ்வொன்றையும் நானே நூல் கோத்துச் சின்னதாக்கினேன். கடையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி, ஒரு மயிரிழை சலுகை கொடுக்காமல் தைத்தேன். கடைசி நூலை அறுத்ததும் அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, வலது கையைத் திரும்பவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என் கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் திணித்தேன்.

லேப்டாப் பொத்தான்களின் வெளிச்சம் சிவப்பு, நீலம் என்று அவர் சட்டையில் மாறி மாறி விழுந்தது. இடது கட்டைவிரல் பட்டனைத் தேடிப் பிடித்து, ஓட்டையின் ஓரத்தில் வைத்து அழுத்தியது. நகம் வெளுத்தது. முதல் பட்டன் பாதி உள்ளே போய் அங்கேயே நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை.