ரெண்டுக்கு சைபர்

திங்கட்கிழமை மாலை என் கணவர் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தார். அமெரிக்கக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்று, ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு எப்போதும் பிந்தித்தான் வந்துசேரும். அங்கே ஆடும்போது இங்கே எல்லோரும் நித்திரை. ரொட்டித் தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போகிறவரால் விழித்திருக்க முடியாது. வீடியோவில் பதியவிட்டு, வேலை முடிந்து வந்து பார்ப்பார். அதுவரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது.

சொல்வதற்கென்றே ஒருவர் இருந்தார், கூட வேலை செய்த முருகேசன் அண்ணை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்குவார்.

"மச்சான், நேற்று என்ன நடந்ததெண்டால்..."

எங்கள் மகள் தர்மிகா ஓடிப்போய்த் தகப்பனின் இரண்டு காதுகளையும் பொத்துவாள்.

"மாமா, வாயை மூடுங்கோ!"

"எடியே, கொப்பர் பள்ளிக்கூடத்திலை விளையாடேக்கை ஒரு பந்தும் கூடைக்குள்ளை விழேல்லை. அதையாவது சொல்லலாமோ?"

"அதைச் சொல்லு, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே," என்பார் இவர், மகள் காதைப் பொத்தியிருந்தும் எல்லாம் கேட்டவராக.

அது 2006. உலகக் கிண்ணக் கால்பந்து எங்கள் நகரத்துக்கே வந்திருந்தது, கார்களிலெல்லாம் கொடி. இவருக்கோ கூடைப்பந்து, அதிலும் டலஸ் அணி மட்டும்தான். அதில் ஒரு ஜெர்மன்காரர் ஆடினார். "எங்கடை பெடியன்" என்பார். அன்று இரண்டாவது வெற்றி. கசெற்றின் முதுகில் 2–0 என்று எழுதிவிட்டு, மீதி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் வீடியோவில் நேரம் வைத்தார். மேசையில் புதுக் கசெற்றுகளை அடுக்கினார்.

"நாலு ஆட்டம் வெண்டால் கிண்ணம். இனி ரெண்டு காணும். மிச்சக் கசெற்றிலை நீர் உம்மடை நாடகத்தைப் பதியும்."

மறுநாள் வேலையில் மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. தலைமயிரில் மாவு இருந்தது. துடைத்துவிட்டேன்.

அடுத்த காலை வீடு நிறையச் சனம். வீடியோவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செத்த வீட்டில் தொலைக்காட்சி போடுவதில்லை, நானும் போடவில்லை. இரவு ஆட்டம் பதிந்திருந்த கசெற்றை மட்டும் எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தேன். அதற்குப் பிறகும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் பார்க்க வேண்டுமே என்றுதான் கை போனது.

இந்த நாட்டில் உடலை எரிக்க நாளெடுக்கும். சடங்கு நடந்தபோது இறுதிச் சுற்றும் முடிந்திருந்தது. முருகேசன் அண்ணை பெட்டியருகே வந்து குனிந்தார்.

"மச்சான், நீ பாக்காமல் போனதே நல்லதடா. உன்ரை பெடியன்..."

தர்மிகா பாய்ந்து போனாள். தகப்பனின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினாள்.

"சொல்லாதேங்கோ மாமா! அப்பா இன்னும் பாக்கேல்லை!"

அண்ணை சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். மண்டபத்துக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதவருகே நின்றார். பெட்டியை மூட வேண்டும். கையை எடு என்று அவளிடம் சொல்ல யாராலும் முடியவில்லை, என்னாலும். கடைசியில் அவள் தானாகவே எடுத்தாள், ஒவ்வொரு கையாக.

அடுத்த நாலு ஆட்டத்திலும் டலஸ் தோற்றது எனக்குப் பிறகு தெரியவந்தது. அந்த நாலு கசெற்றையும் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அவற்றின் முதுகு வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கசெற்றில், அவர் கையெழுத்தில், 2–0.