சின்ன பேஸ் யாருக்கு?

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போனால் வரும் இசைக்கருவிக் கடையில், ரொனால்ட், பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிதார்கள் இரண்டை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். ஒன்று பெரியது, கறுப்பு. அவர் வாழ்நாளெல்லாம் வாசித்துவந்த நீளம். இன்னொன்று வெளிர்ப்பச்சை, தந்தியின் நீளம் நாலு அங்குலம் குறைவு. நாலு அங்குலம்தானே, இதற்கா இவ்வளவு யோசனை என்று நமக்குத் தோன்றும். பேஸ் வாசிப்பவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய மானம் மரியாதை முழுக்க அந்த நாலு அங்குலத்தில்தான் இருக்கிறது. நீளமானது ஆம்பளை வாசிப்பது, குட்டையானது சின்னப்பிள்ளைகள் வாசிப்பது என்று ஒரு நினைப்பு. அதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஆனால் மயிலாப்பூர் பக்கம் அதைப் பரப்பியதில் ரொனால்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிக்கு வேறொரு கோயில் பங்கிலிருந்து ஒருவர் குட்டை பேஸோடு வந்திருந்தார். "அது பேஸ் இல்லப்பா, சாவிக்கொத்துல மாட்டுறது" என்று ரொனால்ட் மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொல்ல, மண்டபமே சிரித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்த மேடைக்கும் அதை எடுத்து வரவில்லை. சாவிக்கொத்து நகைச்சுவையை ரொனால்ட் பல வருடம் காசு செலவில்லாமல் ஓட்டினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் குற்றம் அவருடையதுதான்.

இப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு, கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே, அவர்தான் பேஸ். ஒரு வருடமாக இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. "நரம்பு அழுந்துது சார். கையை ரொம்ப விரிச்சு வாசிக்காதீங்க. முடியலன்னா விட்டுடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுவதா? அவர் எட்டாத சுரங்களை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வாசித்தார். குழுவின் தலைவர் பவுல்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "அண்ணே, கீழ் சத்தமே கேக்கலியே, ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம், ஸ்பீக்கர்தான் என்றார் ரொனால்ட். ஸ்பீக்கரைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றி, பழுதுபார்க்கக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் பங்குத் திருவிழா. குட்டையானதை வாங்கினால் வாசிக்கலாம், ஆனால் ஊர் சிரிக்கும். நீளமானதோடு போனால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், அவராலும் வாசிக்க முடியாது. அவர் கடையில் ஊமையாக உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

"இன்னா மாஸ்டர், யோசிச்சிக்கினே இருந்தா எப்டி? எடுத்து வாசிச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர் மெஹபூப் அலி. திருவல்லிக்கேணிக்காரர், ரொனால்டுக்குப் பல வருடப் பழக்கம்.

ரொனால்ட் முதலில் கறுப்பை எடுத்தார். ஒரே நிமிடத்தில் சுண்டுவிரல் போன இடம் தெரியவில்லை. அதை வைத்துவிட்டு, கடையில் வேறு யாருமில்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, பச்சையை எடுத்தார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கை அதன் இடத்தில் போய்த் தானாக விழுந்தது. ஒரு வருடமாக விட்டுவிட்டு வந்த சுரங்களெல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன. "சத்தத்தக் கொஞ்சம் ஏத்துங்க பாய்" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. இது போதும், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், இதைத்தான் எடுக்கப்போகிறேன் என்று நிஜமாகவே முடிவு செய்தார். அந்த முடிவு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்வரை உயிரோடு இருந்தது.

வந்தவன் சித்தார்த்தன். கச்சேரி, கோயில், கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் கிதார் வாசிப்பவன், இவர்கள் குழுவுக்கும் திருவிழாவுக்குத் திருவிழா வருவான்.

"அங்கிள்! நீங்களா? சாவிக்கொத்து வாசிக்கிறீங்க?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான், அவ்வளவுதான். ஆனால் ரொனால்டுக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"எனக்கில்லடா. பொண்ணுக்கு, ஜொவிட்டாவுக்கு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, நாக்கில் தயாராக இருந்தது. அது எப்படி அத்தனை தயாராக இருந்தது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவருக்கே உறைத்தது.

"சூப்பர் அங்கிள்! அப்டியே புடிங்க, ஒரு போட்டோ" என்று சித்தார்த்தன் படம் எடுத்தான். ரொனால்ட் அசடு வழிய நின்றார். மெஹபூப் அலிக்கோ ஒரே சந்தோஷம். "பாப்பாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மாஸ்டர்!" என்று தோள்வார் ஒன்றைச் சும்மா கொடுத்தார். ரொனால்ட் பை மட்டும் பெரியதாக, நீள பேஸுக்கு உரியதாகக் கேட்டு வாங்கினார். உள்ளே பேஸ் ஆடாமலிருக்க அட்டைகளைச் சுருட்டித் திணித்தார்கள். பெரிய பை எதற்கு என்று பாய் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வந்திருக்கும்.

ஸ்கூட்டரில் வரும்போது சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. லஸ் சிக்னலில் எடுத்துப் பார்த்தார். சித்தார்த்தன் படத்தைப் பாடகர் குழுவின் வாட்ஸப்பில் போட்டிருந்தான்: "மகளுக்கு பேஸ் வாங்கித் தரும் அப்பா!" கீழே இதயங்களாகக் கொட்டிக் கிடந்தன. "திருவிழாவில் அப்பாவும் பொண்ணும் சேர்ந்து வாசிக்கணும்" என்று பவுல்சாமி எழுதியிருந்தார். ஜொவிட்டாவும் அந்தக் குழுவில் பாடுகிறவள். அவளும் பார்த்திருப்பாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவருக்குக் காதில் விழவில்லை.

ஜொவிட்டாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, "எனக்கும் கத்துக்குடுங்க டாடி" என்று வந்து நின்றாள். அவர் நீள பேஸை அவள் மடியில் வைத்தார். விரல் முதல் ஃப்ரெட்டை, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் முதல் கம்பியை, தொடவே இல்லை. "பாத்தியா? பொம்பளப் புள்ள கைக்கு இது எட்டாது. நீ பாடு" என்றார். சின்னதாகக் கிடைக்காதா என்று கேட்டாள். "அப்படியெல்லாம் செய்யறதே இல்லம்மா" என்றார். அதே வாரம் மெஹபூப் அலியின் கடையில் ஒரு சின்ன பேஸ் மாட்டியிருந்ததை அவர் பார்த்திருந்தார். ஊரெல்லாம் சாவிக்கொத்து என்று சிரித்துவிட்டு, சொந்த மகள் கையில் அதைக் கொடுத்துக் கோயில் பீடத்துக்குப் பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது? அதனால்தான் அந்தப் பொய். இன்று அவருடைய கைக்கே எட்டாமல் போனபோது, ஒளிந்துகொள்ள அதே பெண்ணின் பெயர்தான் கிடைத்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று சிக்னலில் நின்றபடி தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி லூயிசாவின் முகம் பூரித்துக் கிடந்தது.

"ஏங்க, எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவ ஆபீஸ்ல படத்தப் பாத்துட்டு அழுதுட்டாளாம். பெருங்குடியிலருந்து கெளம்பிட்டா."

"லூயிசா..."

"உங்களுக்குத் தெரியாது. பொறந்தநாளுக்குப் பொறந்தநாள், நீங்க இல்லாத நேரமாப் பாத்து உங்க பேஸை எடுத்து, கை எட்டுதான்னு வெச்சு வெச்சுப் பாப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினா. பத்தாவது போனதும் விட்டுட்டா."

லூயிசாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அதற்குள் பால் வாங்கி வைக்க வேண்டும், பாயசம் வைக்க வேண்டும் என்று கடைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

ஜொவிட்டா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அவளுக்கு நகம் வளர்த்துச் சாயம் பூசுவதில் தனி ஆசை. மாதச் சம்பளத்தில் அதற்கென்றே ஒரு பங்கு போகும். இடது கையின் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். வலது கையில் நகங்கள் அப்படியே நீளமாக, சிவப்பாக இருந்தன.

"வர்ற வழியில ஆட்டோல வெட்டிக்கினே வந்தேன் டாடி. அந்தக் கை அப்புறம்" என்று சிரித்தாள். பையின் ஜிப்பை இழுத்தாள், அட்டைகளை எடுத்துப் போட்டாள். "எதுக்கு இவ்ளோ பெரிய பை?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பச்சை பேஸை மடியில் வைத்து விரலைப் பதித்தாள்.

"எட்டுது டாடி!"

அவர் தலையை ஆட்டினார்.

"பின்னாடி நெட்ல பாத்தேன், இந்த மாதிரி இருக்குன்னு. ஆனா நான் சின்னவளா இருக்கப்போ நம்ம ஊருக்கு வந்திருக்காதுல்ல? அதான் நீங்க அப்படிச் சொன்னீங்க."

இத்தனை வருடமாக அவள் அவருக்காக ஒரு சமாதானம் செய்து வைத்திருக்கிறாள். அதையே தட்டில் வைத்து நீட்டுகிறாள். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாயசம் வரும், திருவிழா வரும், அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்வதைப் பார்த்து ஊரே கண் கலங்கும். ரொனால்டுக்கு அந்த ஆசை இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அந்த ஒட்ட வெட்டிய நகங்களைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இருந்துச்சும்மா. அதே கடையில, அதே வாரம். நான் பாத்தேன்."

ஜொவிட்டாவின் விரல் தந்தியின் மேலேயே நின்றது.

"அப்புறம் ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு. எல்லாரும் சிரிப்பாங்கன்னு."

"எதுக்கு சிரிக்கணும்?"

"நான்தான் எல்லாருக்கும் சிரிக்கக் கத்துக்குடுத்திருந்தேன்" என்றார். இதோடு நிறுத்தினால் பாதி மட்டும்தான் சொன்னதாகும் என்று தெரிந்து, இடது கையை அவள் முன் நீட்டினார். "ரெண்டு விரல் வேலை செய்யல. ஒரு வருஷமாச்சு. பெரியது எனக்கு எட்டல. இது... இது எனக்குத்தாம்மா வாங்கினேன். சித்தார்த்தன் வந்துட்டான். உன் பேரச் சொல்லிட்டேன்."

ஜொவிட்டா அவர் கையைப் பார்த்தாள். பிறகு பேஸைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று அவர் நினைத்தார், அழவில்லை. அழுதிருந்தால் கிட்டப் போயிருக்கலாம்.

"கை இப்படி இருக்குன்னு எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"அதுக்கும் வெட்கம்தான்."

அவள் எழுந்தாள். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டியைக் கையில் தூக்கினாள்.

"நான் இதைத் தர மாட்டேன் டாடி. உங்களுக்கு வேணும்னா போய் இன்னொண்ணு வாங்குங்க. உங்களுக்குன்னு கேட்டு வாங்குங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டம், டம் என்று ஒரே சுரம், கரகரப்பாக. ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தாமல் நடுவில் அழுத்துகிறாள், அதுதான் கரகரக்கிறது. கொஞ்சம் தள்ளி வை என்று ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். ரொனால்ட் கதவுவரை போனார். தட்டக் கையைத் தூக்கினார். அவருக்கு அந்தக் கதவைத் தட்ட முகமில்லை. திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

போனை எடுத்தார். புதிதாக இன்னும் சில இதயங்கள் வந்திருந்தன. மரத்த இடது கையை விட்டுவிட்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்:

"அந்தச் சின்ன பேஸ் நான் எனக்காக வாங்கியது. பெரியது இனி என் கைக்கு எட்டாது. ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை. வெட்கப்பட்டு மகள் பெயரைச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதில் அவள் கேட்டபோது, இப்படி ஒன்று கிடையாது என்று பொய் சொன்னதும் நான்தான். இப்போது அது அவளுடையது."

படித்துப் பார்த்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து, படிக்காமலேயே அனுப்பினார்.

குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. உள்ளே சத்தம் நின்றது. அவள் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. லூயிசா படியேறி வரும் சத்தம் கேட்டது, அவளும் அதே வாட்ஸப் குழுவில்தான், படித்திருப்பாள். ரொனால்ட் ஜொவிட்டாவின் அறைக் கதவையே பார்த்தார். கதவு திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தச் சுரம் மறுபடி ஆரம்பித்தது, அதே கரகரப்போடு, முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.