எட்டு மணிச் சாப்பாடு

ராணுவ அகாடமியில் சேர்ந்த பிள்ளை லீவில் வந்தால் தோள் அகன்று, மார்பு நிமிர்ந்து வருவான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எண்பத்திரண்டாம் வருஷ மார்கழியில் என் தம்பி அப்பாண்டைநாதன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான்.

"என்னாடா இது? சோறு போடறாங்களா இல்லியா?"

"போடறாங்கக்கா. எட்டு மணிக்குப் போடறாங்க."

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது, வாயில் ஒரு பருக்கை படாது. போகிற இடத்திலும் இதைக் காப்பேன் என்று கோயிலில் நிறுத்திச் சத்தியம் வாங்கித்தான் இவனை அனுப்பினார் எங்கள் அப்பா ஜினதாஸ் நயினார்.

எங்கள் ஊர் வல்லத்துக்குப் போகிற பஸ்ஸில் மீதிக் கதையைக் கிண்டிக் கிண்டி வாங்கினேன். எட்டு மணிக்கு எல்லோரும் மெஸ்ஸில் உட்கார்ந்தே ஆகவேண்டும். இவனும் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஓட்டிவிட்டு எழுந்து வருவானாம். மேசை நாகரிகத்தில் இவனுக்குத்தான் முதல் மார்க்! விடிந்ததும் அதே காலி வயிற்றோடு துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓட்டம். நெடுந்தூர ஓட்டத் தேர்வில் மயங்கி விழுந்துவிட்டான். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போக, இவனை மட்டும் ஒரு டெர்ம் பின்னால் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தரம் விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"முன்னாடியே சாப்பாடு குடுங்கன்னு கேக்கறதுக்கு என்னா? சீக்கியங்கள தலப்பாவ கழட்டச் சொல்றாங்களா?"

"இல்லக்கா. கேட்டா குடுப்பாங்கன்னுதான் தோணுது. அப்பாதான் கேக்கக் கூடாதுன்னாரு. சலுகை வாங்கிக்கினு இருந்தா அது விரதமே இல்லியாம்."

எனக்கு உச்சி கொதித்தது. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை விலைக்கு மல்லுக்கட்டி நிற்கிற மனிதர், பெற்ற பிள்ளையின் சோற்றுக்கு மட்டும் வாயைத் திறக்காதே என்றிருக்கிறார்!

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அப்பா பூரித்துப் போனார். "மயங்கி வுழுந்தும் வாயில வைக்கல பாத்தியா! எம்புள்ள! நாளைக்கு காலையில கோயில்ல இவனுக்கு மாலை போட்டுடணும். இப்பவே போய் ஊருக்குச் சொல்லிட்டு வர்றேன்."

"இவன பின்னால தள்ளிட்டாங்கன்னும் ஊருக்குச் சொல்வீங்களா?"

"படிப்பு போனா வரும். மானம் போனா வருமா?"

எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா இருந்திருந்தால் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாள்.

அவர் திரும்பி வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. நான் அடுப்பை மூட்டித் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் நெருப்பு எரிந்தது அதுதான் முதல் தடவை. அப்பா சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"குசுமா! அடுப்ப அணை! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"எனக்கா கெட்டுது?" என்று கத்தினேன். தோசையைத் தட்டில் போட்டுத் தம்பி எதிரில் வைத்தேன். "தின்னுடா. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

அவன் தொடவில்லை.

"இவருக்கு பயப்படறியா?"

"இல்லக்கா. அங்க எழுந்திருக்கறதுலேந்து தூங்கற வரைக்கும் எல்லாமே அவங்க ஆர்டரு. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குது. மொதல்ல சத்தியத்துக்காக இருந்தேன். இப்ப எனக்காக இருக்கறேன். நீயும் ஆர்டர் போடாதே."

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கோ வாயெல்லாம் பல்.

தம்பி அவர் பக்கம் திரும்பினான். "சிரிக்காதீங்கப்பா. போனதும் பொழுதோட சாப்பாடு குடுங்கன்னு கேக்கப் போறேன். உங்க பெருமைக்கு நான் பட்டினி கெடக்க மாட்டேன். அக்கா கோவத்துக்குத் தின்னவும் மாட்டேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "முடியாதுன்னுட்டா?"

"வூட்டுக்கு வந்துடறேன். அன்னிக்குக் கூப்புடுங்க ஊர, மாலை போட."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். நான் அடுப்பை அணைத்தேன்.