இரண்டு பேரில் பாதி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரோரம் இடம் இருக்கிறது, சாய்ந்துகொள்ளுங்கள். முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் கதை முதுகுவலியில்தான் தொடங்குகிறது. சிரிக்கிற இடமும் கொஞ்சம் உண்டு. எல்லாம் முன்பாதியிலேயே தீர்ந்துவிடும், அதனால் வருகிறபோதே சிரித்துவிடுங்கள்.

ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். ஜன்னலுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற வேலை. வெட்டுக்கோலால் ஒரே ஒரு கீறல், மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து, 'டிக்'கென்று இரண்டாகிவிடும். பெரிய பலகைகளைத் தூக்கித் தூக்கித்தான் முதுகு இப்படி வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி தைலம் தேய்த்தாள். அவர் தெருமுனையில் வரும்போதே வாசனை வீட்டுக்குள் வந்துவிடும், அவ்வளவு தைலம். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மல்டிபிள் மைலோமா என்று அதற்குப் பெயர். உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களில் ஒரு வகை தறிகெட்டுப் பெருகி, வேண்டாத புரதம் ஒன்றை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். எலும்பை உள்ளிருந்தே அரிக்கும்.

"அதெல்லாம் இல்லீங்க, எனக்கு வெறும் முதுகுவலி," என்று அவர் டாக்டரம்மாவிடமே வாதாடினார்.

அதே வாரம் அதே வாதத்தை அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவரும் வாதாடியிருந்தார். அவர் பஸ் டிரைவர். "சீட்டுல ஸ்பிரிங் போயிருச்சு டாக்டர், அதான் வலி. ஸ்பிரிங்கை மாத்தினா நான் சரியாயிடுவேன்" என்றாராம்.

இரண்டு பேருக்கும் முதல் மருந்துகள் நன்றாகக் கேட்டன. அடுத்தது பெரிய சிகிச்சை: அவரவர் ரத்தத்திலிருந்தே மூல அணுக்களைப் பிரித்து எடுத்து வைத்துவிட்டு, கடுமையான மருந்தால் மஜ்ஜையைத் துடைத்து, எடுத்ததைத் திரும்ப ஏற்றுவது. அதற்கு முன்னால் டாக்டரம்மா இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்து விளக்கினார். இரண்டு மனைவிமாரும் அருகருகே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடியும்போது டிரைவர்தான் கேட்டார்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. இதெல்லாம் பண்ணினா எவ்வளவு காலம் ஓடும்?"

"முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். அடங்கியிருக்கும். இப்ப இருக்கற சிகிச்சையில பாதிப் பேர் எட்டு வருஷம், பத்து வருஷம்னு தாண்டிப் போறாங்க. மீதிப் பாதிப் பேருக்கு அதுக்கு முன்னாடியே…"

டாக்டரம்மா முடிப்பதற்குள் டிரைவர் கண்ணாடிக்காரர் தோளில் தட்டினார். "அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் தாண்டுவான். யாருங்க தம்பி, நீங்களா நானா? காசு சுண்டிப் பாத்துரலாமா?"

"நீங்க டிரைவரு. நீங்கதானே எப்பவும் முன்னாடி போவீங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த அறையே சிரித்தது. "ஐயோ, அப்படி இல்லீங்க, இது நூத்துக்கணக்கான பேரை வெச்சுச் சொல்றது" என்று டாக்டரம்மா சொல்லத்தான் சொன்னார். சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. 'பாதிப் பேர்' என்ற சொல் மட்டும் கண்ணாடிக்காரர் மனைவியின் நெஞ்சுக்குள் போய், முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் பெரிய கண்ணாடித் தடுப்பு. மருந்து ஏறும்போது வாய் வெந்துபோகாமலிருக்க ஐஸ்கட்டி சப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, செல்போனில் பேசிக்கொள்வார்கள்.

"மச்சான், இந்தத் தடுப்பைப் பொருத்தினவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. ஓரத்துல பசையைக் கட்டெறும்புக்கு ரோடு போட்ட மாதிரி இழுத்திருக்கான்."

"நீ எந்திரிச்சு நடந்தப்புறம் வந்து திருத்து மாப்ளே. இப்ப ஐஸைச் சப்பு."

மச்சானும் மாப்பிள்ளையும் ஆனது எப்படி என்கிறீர்களா? டிரைவர் கண்ணாடிக்காரர் மனைவி கையால் ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்துவிட்டு, "இனிமே நீ என் தங்கச்சி" என்றார். தங்கச்சி வீட்டுக்காரர் மாப்பிள்ளைதானே. டிரைவர் மனைவியும் விடவில்லை. "அப்ப நான் அண்ணி. நாத்தனாரே, அதிகாரம் பண்ண ஆரம்பிச்சிராதே, எனக்கு ஏற்கெனவே ரெண்டு நாத்தனார் இருக்காங்க" என்றாள். மொட்டைத் தலையோடு படுத்திருந்த இரண்டு பேரையும் பார்த்து, எது யாருடையது என்று அடையாளம் தெரியவில்லை என்று சிரித்தவளும் அவள்தான்.

நோய் அடங்கியது. இரண்டு பேருக்கும். முடி திரும்ப முளைத்தது. கண்ணாடிக்காரருக்குச் சுருள் சுருளாக. அடங்கினது அடங்கினபடி இருக்க ஒரு மாத்திரை. அதை விடவே கூடாது என்றார்கள். கண்ணாடிக்காரர் தூக்குகிற வேலையை விட்டுவிட்டு அறுக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். டிரைவர் பஸ்ஸை விட்டுவிட்டு டிப்போவில் நேரம் அறிவிக்கிற மைக்கைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பரிசோதனை ஒரே நாளில் விழும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதே நடைபாதை, அதே பெஞ்சு.

இனிமேல் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். கண்ணாடிக்காரர் மனைவி நல்ல பெண். ஆனாலும் அந்த நாட்களில், தன் வீட்டுக்காரருடைய முடிவைக் கேட்பதற்கு முன்னால், அண்ணியின் முகத்தைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். அந்த முகம் மலர்ந்திருந்தால் இவள் மடியிலிருக்கும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். 'அண்ணன் நல்லா இருக்கார். அப்ப…' அந்த 'அப்ப'வுக்கு மேலே அவள் யோசிக்க மாட்டாள். யோசிக்காமலேயே அது முழுதாக நின்றுகொண்டிருக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் அண்ணி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. பின்னால் டிரைவர் வந்தார்.

"என்ன மச்சான்?" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர்.

"புரதம் ஏறுதாம். வண்டி ரிவர்ஸ்ல வருது மாப்ளே." அப்புறம், வழக்கம் போலச் சிரிக்கப் பார்த்து, "நீ ஜெயிச்சுட்டே போ," என்றார்.

கண்ணாடிக்காரர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவியோ அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை பொய்யில்லை, கண்ணுகளா. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாகக் கட்டியிருந்த முடிச்சு ஒன்று தானாக அவிழ்ந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அதுவும் பொய்யில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கேட்டாள்: "ஏங்க, அந்த அறுக்கற மேசை ஆடுதே. நல்லதா, காலத்துக்கும் இருக்கற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லலாமா?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அந்த மனுஷன் அங்கே அப்படி இருக்கார். உனக்கு இன்னைக்குத்தான் மேசை ஞாபகம் வருதா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் மேசை வந்தது.

டிரைவருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். கேட்டது, கொஞ்ச காலம். அப்புறம் கேட்கவில்லை. இன்னொன்று மாற்றினார்கள். அது கேட்ட காலம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு தடவையும் நோய் திரும்பும்போது முன்பு கேட்ட மருந்துகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு திரும்பியது. எலும்புகள் விட்டுக்கொடுத்தன, பிறகு சிறுநீரகம். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது டிரைவர் கண்ணாடிக்காரரின் சுருள் முடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கையை விட்டார்.

டிரைவர் இறந்துபோன அன்று அந்த வீட்டில், கண்ணாடிக்காரர் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின டம்ளரைத் திரும்பக் கழுவினாள். அண்ணி வாசல்படியில் நின்று "போதும், கை ஊறிப்போச்சு பார்" என்றபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று பயம்.

இங்கேதான் தப்பு நடந்தது. அவளுக்கு மட்டும் இல்லை, கண்ணாடிக்காரருக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. "என் பங்கையும் சேர்த்து மச்சான் எடுத்துட்டுப் போயிட்டார்," என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னார். பாதிப் பேர் போக வேண்டும், போயாயிற்று. மீதிப் பாதி இவர். அப்புறம் எதற்கு மச்சான் இல்லாத அந்தப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும்? ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள். அடுத்ததையும் தள்ளினார்கள். விலாப் பக்கம் வலி என்றார். குளிரால்தான் என்று போர்த்திக்கொள்ளச் சொன்னாள். பழைய தைலப் பாட்டில் திரும்ப வெளியே வந்தது.

ஒரு காலை, புது மேசைக்கு முன்னால் நின்று அவர் இருமினார். 'டிக்'கென்று ஒரு சத்தம். உள்ளே அடுப்படியில் இருந்த அவள் கண்ணாடி அறுபட்டது என்றே நினைத்தாள். அவரும் குனிந்து மேசையைத்தான் பார்த்தாராம். பலகை முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது.

விலா முறிந்திருந்தது. முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நொறுங்கி உட்கார்ந்திருந்தன. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பில் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"திரும்பி வந்திருச்சும்மா," என்றார்.

"எப்படி வரும்?" அவள் குரல் சண்டை போடுகிற குரலாக இருந்தது. "அவர்தான் போயிட்டாரே!"

"யாரு?"

"டிரைவர் அண்ணன். பாதிப் பேர்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு பேர்ல பாதி அவர்தானே? அவர் போயிட்டாரே டாக்டர். எங்க கணக்கு முடிஞ்சு போச்சே."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது உங்க ரெண்டு வீட்டை வெச்சுச் சொன்னது இல்லைம்மா. எங்கெங்கேயோ நூத்துக்கணக்கான பேர். அதுல அவர் எங்கே இருக்கார், உங்க வீட்டுக்காரர் எங்கே இருக்கார்னு யாருக்குமே தெரியாது. அவருக்கு ஆனதும் இவருக்கு ஆகறதும் ஒண்ணையொண்ணு தொடாது."

"தொடவே தொடாதா?"

"தொடாது."

"முன்னாடியே வந்திருந்தா?"

"விலாவும் முதுகும் தப்பிச்சிருக்கும். நோய் திரும்பத்தான் செஞ்சிருக்கும்." டாக்டரம்மா மறைக்கவில்லை, நல்ல மனுஷி. "இன்னும் மருந்து இருக்கு. கொடுப்போம். ஆனா அடங்கியிருக்கற காலம் ஒவ்வொரு தடவையும் குறையும். அது உங்களுக்கே தெரியும், பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க."

தெரியும். ஒவ்வொரு படியாக அவளுக்குத் தெரியும். நடந்து முடிந்த ஒரு வாழ்க்கையைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துவிட்டு, இப்போது அதையே தன் வீட்டில் ஆரம்பத்திலிருந்து நடத்த வேண்டும்.

கண்ணாடிக்காரரை வார்டில் சேர்த்துவிட்டு அவள் நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கான துணி, சின்னக் குவியல்.

"அவருக்குத் திரும்பிருச்சு அண்ணி."

அண்ணி மடிப்பதை நிறுத்தினாள். 

"நான் ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்கு ஏறுதுன்னு நீங்க வெளியே வந்தீங்களே, அன்னைக்கு… உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதேனே… அப்ப எனக்கு உள்ளுக்குள்ள…"

"நிம்மதியா இருந்துச்சு," என்று அண்ணியே முடித்துவைத்தாள்.

அவள் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள்.

"மூச்சு விட்டியே, என் தோள்மேல. எனக்குத் தெரியாதா?" அண்ணியின் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "ஒவ்வொரு தடவையும் அந்தப் பெஞ்சுல உன் மூஞ்சியைத்தாண்டி நானும் பாத்துட்டிருந்தேன். நீ வேண்டினதையேதான் நானும் வேண்டிக்கிட்டேன். ஆளை மட்டும் மாத்தி."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி தேற்ற எதுவும் மிச்சமில்லை. அழுகையும் வரவில்லை.

அண்ணி எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினாள். முதுகு நொறுங்கினவர்கள் மார்புக்கும் இடுப்புக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்கிற பட்டை. இறுக்கிக் கட்ட வரிசையாகப் பிடிகள், ஓரங்களில் வியர்வைக் கறை.

"எடுத்துட்டுப் போ. படுத்திருக்கும்போதே கட்டி விடணும், உக்கார வெச்சுக் கட்டாதே, கத்துவார். உன் வீட்டுக்காரர் ஒல்லி, இன்னும் ரெண்டு பிடி இழுத்துக் கட்டு. உள்ள ஒரு பனியன் போட்டு விடு, இல்லேன்னா தோல் உரியும்."

"அண்ணி…"

"போ. அவர் அங்கே தனியா இருப்பார்."

வார்டில், படுத்திருந்தபடியே கண்ணாடிக்காரர் அந்தப் பட்டையைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. அவள் அவரை ஒருக்களித்துப் புரட்டி, அடியில் அதை விரித்து, மறுபடி மல்லாத்தினாள். பட்டையை இழுத்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்லை."

இன்னும் இழுத்தாள்.

"இப்ப?"

"மச்சானுக்கு எந்தப் பிடியில இருந்துச்சு?"

 அந்தப் பிடியில் துணி தேய்ந்து வெளுத்திருந்தது, அவர் கண்ணிலும் பட்டது. அவள் அதைத் தாண்டி இழுத்து, கட்டி, மேலே போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே நடைபாதையில் யாரோ ஒரு புதுக் குடும்பம், அந்தப் பெஞ்சில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தது.

அவ்வளவுதான், என் செல்வங்களா. இதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும். அதை நான் சொல்ல மாட்டேன். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எல்லோருடைய எலும்பும் உறுதியாக இருக்கட்டும். ஒரு பாரமும் தூக்காமலே முதுகு வலித்தால் உடனே போய்ப் பார்க்கிற புத்தி இருக்கட்டும். அடுத்தவர் முகத்தைப் பார்த்து உங்கள் ஆயுளைக் கணக்குப் போடும் நிலை உங்கள் வாசலுக்கு ஒருபோதும் வராமல் போகட்டும். விளக்கு எரியட்டும், அடுப்பு எரியட்டும். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள், போங்கள்.