திறந்தே கிடந்த வளையம்

சிலுவைமுத்துவின் சவப்பெட்டியை மூடும்முன் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம். அதை எடுக்காமல் ராயபுரத்தில் அந்தத் தெருவில் யாரையும் கல்லறைக்குத் தூக்கியதில்லை. கப்பல் வேலையில் நடுக்கடலில் இருக்கும் மகன் பிராங்கிளினுக்கு அப்பாவின் முகம் இனி அந்தப் படத்தில்தான்.

படம் எடுத்த பெனிட்டோ மணப்பாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். கேமராவோடு வந்த லென்ஸ் போன வாரம் கெட்டுப்போனதால், பழைய சாமான் கடையில் பிடித்த கிழட்டு லென்ஸை மாட்டியிருந்தான். அதில் எல்லாமே கைவேலை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை முழுக்கத் திறந்து தெளிவு பார்க்க வேண்டும். பார்த்ததும் நன்றாக மூடிவிட்டு அழுத்த வேண்டும். மூட மறந்தால் ஒரு கோட்டில் இருப்பது மட்டும் தெளியும், முன்னும் பின்னும் கரைந்துவிடும். கேமரா எச்சரிக்காது. அப்படியொரு லென்ஸ் தன்மேல் உட்கார்ந்திருப்பதே அதற்குத் தெரியாது.

"இன்னா நைனா, எட்த்தாச்சா? ஃபாதரு கோயில்ல காத்துகினு கீறாரு" என்றார் பெட்டிக்காரர்.

"எடுத்தாச்சுண்ணே."

பெட்டியின் மூடி விழுந்தது. சின்னத் திரையில் படம் நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கினான். கால்மாட்டு மெழுகுவர்த்தி திரியோடு தெரிந்தது. சிலுவைமுத்துவின் முகம் வெறும் பஞ்சு. வளையத்தைத் தடவினான். திறந்தே கிடந்தது.

பேசாமல் போய்விடலாம். செல்போனில் பார்ப்பவனுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் பிராங்கிளினும் விரலால் பெரிதாக்கத்தானே செய்வான்.

மூடியில் முதல் திருகாணி இறங்குவதற்குள் வாய்திறந்தான். "அம்மா, படம் சரியா விழல. இன்னொருக்கா திறக்கணும்."

"டேய் கஸ்மாலம்! மூடுன பொட்டியத் தொறந்தா வூட்ல இன்னொரு சாவு வுழும்டா!" பெட்டிக்காரர் கத்தினார். சிலுவைமுத்துவின் மகள் ஃபாத்திமா இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

அவர் மனைவி ஞானம் அழுகையை நிறுத்தினாள். "மூஞ்சி வரலியா?"

"வரலம்மா. என் தப்புதான்."

"தொறய்யா."

"யக்கா, வோணாம்…"

"நாளிக்கு எம்புள்ள கேட்டா நீயா பதில் சொல்வ? தொற."

திறந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்ந்தார்கள். பெனிட்டோ சிலுவைமுத்துவின் இமைமுடி தெரியும்வரை லென்ஸைத் திருகினான். வளையத்தை மூடினான். மூடியிருக்கிறதா என்று மறுபடி தடவினான். மூச்சை அடக்கி அழுத்தினான்.

இந்த முறை எல்லாமே தெளிவு. சிலுவைமுத்துவின் நரைத்த மீசை, அவர் நெற்றியில் ஞானத்தின் கை. அவர்களுக்குப் பின்னால் கதவு, கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நிற்கும் மொத்தக் குடும்பம். அதுவும் தெளிவாக.